மூன்று வாரம் என்பது பாதிக் கதைதான்

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக் ‘ஆன் தி ரோடு’ நாவலை மூன்றே வாரத்தில் எழுதினார், ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை, ஆகவே திருத்தி எழுதுகிறவனுக்குத் திறமை இல்லை என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். மூன்று வாரம் என்பது சரி. 1951 ஏப்ரலில் தாள்களை ஒட்டி ஏறத்தாழ 120 அடி நீளச் சுருளாக்கி, பத்தியே பிரிக்காமல் தட்டச்சு செய்து தள்ளினார். தாள் மாற்றும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்த மனிதர்!

ஆனால் அதற்கு முன்பே பல ஆண்டுப் பயணக் குறிப்புகளும், தொடங்கிப் பாதியில் விட்ட வரைவுகளும் அவர் கையில் இருந்தன. சுருளுக்குப் பிறகும் வேலை ஓயவில்லை. மறுபடி தட்டச்சு செய்தார். நிஜப் பெயர்கள் மாறின, பகுதிகள் வெட்டப்பட்டன. நாவல் வெளிவந்தது 1957இல். சுருள் வடிவமும் 2007இல் தனியாக அச்சாகிவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் வேறுபாடு தெரியும்.

இந்தக் கட்டுக்கதையை நம்பி, முதல் வரைவு சுமாராக வந்ததும் பேனாவை மூடிவிட்டவர்களை நான் அறிவேன். அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீட்டுகிறேன். முதல் வரைவை நிறுத்தாமல் கொட்டிவிடுங்கள், அதில் கெரவாக்கைப் பின்பற்றலாம். ஒரு வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போதும். என் கதை ஒன்றில், முதல் பத்தியே தேவையில்லை என்பது ஐந்தாவது வரைவில்தான் எனக்குப் புரிந்தது.