சின்ன ஊர்களுக்குத்தான் அடி

அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒதுக்கிய ஏறத்தாழ 110 கோடி டாலரை, 2025 ஜூலையில் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸே திரும்ப எடுத்துக்கொண்டது பற்றிய கட்டுரையை இலங்கையின் ஹட்டனில் இருந்து வாசித்தேன். மனசு கனத்துப் போனது. பெருநகர நிலையங்கள் நன்கொடையில் ஓரளவு சமாளிக்கும். கிராமத்து நிலையங்கள் என்ன செய்யும்?

1982இல் எங்கள் அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கியபோது அதன் கோபுரம் நின்றது எங்கள் மலைநாட்டு பிதுருதலாகலை உச்சியில். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. கார் பெட்டரி பூட்டிய ஒரே பெட்டிக்கு முன்னால் பத்து வீட்டுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காருவோம். அப்புறம் கொரோனாவில் பாடசாலை மூடியபோது, போனும் சிக்னலும் இல்லாத எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அரச தொலைக்காட்சியில் வந்த தமிழ்ப் பாடம்தான் வகுப்பறை.

தனியார் அலைவரிசைகள் இருக்கும்போது அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். சரி, கொழுந்து எடுக்கிற குடும்பத்துப் பிள்ளையின் பாடத்துக்கு எந்த விளம்பரதாரர் காசு கொடுப்பார்? இங்கேயும் இதே கத்தரியைத் தூக்கினால் முதலில் தமிழ் நிகழ்ச்சிகளில்தான் கை வைப்பார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.