அந்தரத்தில் 240 சதுர அடி

ஏப்ரல் நடுவில், வரிக்காக வீடுகளின் மதிப்பைக் கணிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து நோட்டீஸ் வரத் தொடங்கியதும், டாலஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பகுதியின் தமிழ் வாட்ஸப் குழுவில் மூன்று நாட்களுக்குப் புலம்பல் ஓயாது. நான்காம் நாள் யாராவது கறிவேப்பிலைச் செடி எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். பேச்சு அதோடு திசை மாறிவிடும். அந்த நோட்டீஸ் பிறகு எங்கே போகிறது என்பதுதான் என் கவலை. பெரும்பாலான வீடுகளில் அது பில்களோடு பில்லாக ஒரு இழுப்பறையில் படுத்திருக்க, முறையீட்டுக்குக் கடைசி நாளான மே 15 சத்தமில்லாமல் கடந்து போகிறது.

அது பில் அல்ல. உங்கள் வீடு ஜனவரி 1 அன்று என்ன விலை பெறும் என்று அந்த அலுவலகம் கருதுகிறதோ, அந்தக் கருத்து மட்டுமே அதில் இருக்கிறது. வரி விகிதத்தைப் பள்ளி மாவட்டமும் நகரமும் கவுண்டி நிர்வாகமும் பின்னால் தனித்தனியே முடிவு செய்யும். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்று மகிழ்ந்து இங்கே குடிவந்த நாம் அனைவரும் பள்ளிக்கும் தெருவிளக்குக்கும் வீட்டின் வழியாகத்தான் கட்டுகிறோம். எங்கள் ஊரில் எல்லாம் சேர்த்து நூறு டாலர் மதிப்புக்கு ஏறத்தாழ 2 டாலர். ஆகவே அந்தக் கருத்தில் உள்ள ஒவ்வொரு பிழைக்கும் நம் பையிலிருந்து பணம் போகிறது.

நாங்கள் 2022 இலையுதிர் காலத்தில் வீடு வாங்கினோம். மறு ஆண்டு வந்த நோட்டீஸில் மதிப்பு 5,76,000 டாலர் என்று இருந்தது. அதிகம் என்று தோன்றியதே தவிர, ஏன் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் எந்த வீட்டின் பதிவையும் யாரும் பார்க்கலாம் என்பதால், அதே பில்டர் அதே வரைபடத்தில் கட்டிய எட்டு வீடுகளை எங்கள் தெருவிலும் பின் தெருவிலும் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதினேன். ஆறு வீடுகளின் பரப்பு 2,640 சதுர அடி. இரண்டு வீடுகளுக்கும் எங்களுக்கும் மட்டும் 2,880. ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் எப்படி 240 சதுர அடி கூடும் என்று குழம்பியபடி சோபாவில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தபோது விடை தலைக்கு மேலேயே இருந்தது. எங்கள் கூடத்துக்கு மேலே மாடி கிடையாது, நேரே கூரைதான். கட்டும்போதே கூடுதல் பணம் கொடுத்து அந்த வெற்றிடத்தை மூடி அறையாக்கிக் கொண்டவர்கள் உண்டு. நாங்களும் அப்படிச் செய்ததாக யாரோ வெளியிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தரத்தில் தொங்கும் காற்றுக்குச் சதுர அடிக்கு 200 டாலர் வீதம் மதிப்புப் போட்டிருந்தார்கள்.

இதற்கிடையே நண்பர்கள் இரண்டு அறிவுரைகள் சொன்னார்கள். போய்க் கேட்டால் கோபித்துக்கொண்டு இன்னும் ஏற்றிவிடுவார்கள் என்பது முதலாவது. ஆனால் 2019இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, முறையீட்டைக் கேட்கும் விசாரணைக் குழு டிஸ்ட்ரிக்ட் போட்ட மதிப்பைவிட அதிகமாக நிர்ணயிக்க முடியாது. வீட்டுக்காரரே கேட்டு ஒப்புக்கொண்டால்தான் விதிவிலக்கு. எந்த ஊர் அலுவலகப் பயத்தை நாம் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுவோம். நமக்காக முறையிடும் ஏஜென்டிடம் கொடுத்துவிடு, மிச்சமாவதில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொள்வார் என்பது இரண்டாவது. நேரமில்லாதவர்களுக்கு அது தவறில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வீடுகளை மொத்தமாகக் கையாளும் நிறுவனத்துக்கு என் வீட்டுக் கூடத்தின் மேலே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

முறையீட்டை இணையத்திலேயே பதிவு செய்தேன். மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதுவரை அவகாசம் உண்டு. அப்போது இரண்டு காரணங்களையும் குறிக்க வேண்டும்: மதிப்பு சந்தை விலையைவிட அதிகம் என்பது ஒன்று, ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது மற்றொன்று. நம்மில் பலர் முதலாவதை மட்டும் குறிக்கிறார்கள். 2022இல் விலை உயர்ந்திருந்தபோது வாங்கிய எங்களைப் போன்றவர்களுக்கு அது உதவாது. இரண்டாவது காரணம் வாங்கிய விலையைச் சார்ந்ததே அல்ல. ஒத்த வீடுகளின் மதிப்புகளைத் தக்கபடி சரிசெய்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணோடு நம்முடையதை ஒப்பிடுவதுதான் அதன் கணக்கு. என் எட்டு வீடுகளில் அது சதுர அடிக்கு 192 டாலராக வந்தது. விசாரணையில் தாங்கள் காட்டப் போகும் சான்றுகளை நாம் கேட்டால் டிஸ்ட்ரிக்ட் 14 நாள் முன்னதாக நமக்குத் தர வேண்டும். அவர்கள் ஒப்பிட்ட வீடுகளில் ஒன்றுக்கு நீச்சல் குளம் இருந்தது அதில்தான் தெரிந்தது.

முதலில் டிஸ்ட்ரிக்ட் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் மதிப்பை 5,45,000 ஆக்கித் தருகிறேன் என்றார். கத்தரிக்காய் பேரம் போல உடனே முடித்துவிடத்தான் மனம் இழுத்தது. ஆனால் பரப்பைத் திருத்தினாலே 5,28,000தான் வருகிறது, பிழையில் ஒரு பகுதியை மட்டும் திருத்துவது என்ன நியாயம் என்று கேட்டு மறுத்துவிட்டேன். விசாரணைக் குழுவில் மூன்று பேர் இருந்தார்கள்; கவுண்டியில் வசிக்கும் பொதுமக்கள், டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள் அல்லர். உறுதிமொழி எடுத்துக்கொண்டபின் கால் மணி நேரம்தான். எனக்கு முன்னால் வந்தவர் மகனின் கல்லூரிக் கட்டணத்தையும் தன் சம்பளத்தையும் பற்றி உருக்கமாகப் பேசினார். குழு பரிவோடு கேட்டது, ஒரு டாலரும் குறைக்கவில்லை. அங்கே பேச வேண்டியது வீட்டைப் பற்றி. நான் கூடத்தின் புகைப்படத்தையும், எட்டு வீடுகளின் தாளையும், இந்தப் பகுதியின் களிமண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பியதால் படுக்கையறைச் சுவரில் விழுந்த வெடிப்பின் படத்தையும், அஸ்திவாரத்தைச் சரிசெய்ய ஒரு கான்ட்ராக்டர் எழுதித் தந்த மதிப்பீட்டையும் வைத்தேன். வெடிப்பு முந்தைய டிசம்பரிலேயே எடுத்த படத்தில் இருந்தது நல்லதாயிற்று. ஜனவரி 1க்குப் பிறகு ஆலங்கட்டி மழையில் கூரையே போயிருந்தாலும் பொதுவாக அந்த ஆண்டுக் கணக்கில் அது செல்லாது.

5,14,000 என்று முடிவானது. அந்த ஆண்டு வரியில் ஏறத்தாழ 1,240 டாலர் குறைந்தது. ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு, அதாவது சொந்தக்காரரே குடியிருப்பதாகப் பதிந்த வீட்டுக்கு, வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு எங்களுக்கு மறு ஆண்டுதான் தொடங்கியது என்பதால், அது இந்தக் குறைந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

வென்றதில் மகிழ்ச்சிதான், ஆனால் இந்த முறையே சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஓர் அரசு வரி விதிக்கலாமா? கேட்டவர்களுக்குக் குறைந்த தொகை, கேட்கத் தெரியாத முதியவர்கள்மீதும் புதிதாக வந்தவர்கள்மீதும் சுமையாக நிற்கிறது.

அந்த இரண்டு வீடுகளின் பதிவில் இன்றும் 2,880தான் இருக்கிறது. அவற்றில் ஒன்று நம்மவருடையது. பொங்கலுக்கு அங்கே சாப்பிடப் போயிருந்தோம். இலையிலிருந்து தலை தூக்கி மேலே பார்த்தேன், கூரைதான் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன். "பார்க்கலாம் சார்" என்று சொல்லி இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்தார்.