ஸ்பிளின்டர் செல்: நாவலிலிருந்து வந்த கேம் அல்ல இது

"ஸ்பிளின்டர் செல் கேம் டாம் கிளான்சி எழுதிய நாவலைத் தழுவியது, நாவலைப் படிக்காதவர்கள்தான் குறை சொல்கிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விஷயம் தலைகீழ். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் இந்த உளவாளி வீடியோ கேம் முதலில் வந்தது, 2002இல். நாவல் 2004இல்தான் வெளியானது. அதை எழுதியது கிளான்சியும் அல்ல. 'டேவிட் மைக்கேல்ஸ்' என்ற புனைபெயரில் முதல் இரண்டு நாவல்களை எழுதியவர் ரேமண்ட் பென்சன். அதற்கு முன் ஜேம்ஸ் பாண்ட் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர். அட்டையில் பெரிய எழுத்தில் கிளான்சி பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது.

அதனால் "கிளான்சி நடையே இல்லை" என்று நாவலுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்ட வாசகர்களைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவர்கள் கவனித்தது சரிதான். கோபப்பட வேண்டியது அட்டை மீது. இன்னொன்று, கேமில் விளக்கைச் சுட்டு அணைத்துவிட்டு, இருட்டில் சுவரோடு ஒட்டி நின்று, காவலாளி கடந்துபோகும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருப்போமே, அந்தப் பதற்றம் நாவலில் வராது. அங்கே நாயகன் ஃபிஷர் தன் கதையைத் தானே சொல்கிறார், நிறையவே பேசுகிறார். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஒட்டவில்லை.

அப்படி எழுதியவர் மனதில் வைத்திருந்தது ஒருவேளை ரெயின்போ சிக்ஸாக இருக்கலாம். அந்த நாவலைக் கிளான்சியே எழுதினார், கேமும் அதே 1998இல் வந்தது. ஆனால் அங்கும் நாவலை முடித்தபின் கேம் செய்யவில்லை, இரண்டும் ஒரே சமயத்தில் உருவானவை. முடிவுகூட வேறு.