எனக்கு சர்டிபிகேட் வேண்டாம் மாஸ்டர், அடிக்கக் கற்றுக்கொடுங்கள்

சென்னையில் ஏதாவது ஒரு கராத்தே கிளாஸுக்குப் போன் போட்டுப் பாருங்கள். முதல் கேள்வி: "பையனா மேடம், பொண்ணா? எத்தனாவது படிக்கிறாங்க?" எனக்குத்தான் சார், வயது முப்பத்தாறு என்றால் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. அப்புறம் இரண்டாவது கேள்வி: "வெயிட் குறைக்கவா?" இல்லை சார், ஒருத்தன் மேலே கை வைத்தால் திருப்பிக் கொடுக்கத் தெரிய வேண்டும், எனக்கு ஓர் அடி விழுந்தால் விறைத்துப்போய் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். "ஓ, செல்ஃப் டிஃபன்ஸா! ஞாயித்துக்கிழமை ஒன் டே வொர்க்‌ஷாப் வெச்சிருக்கோம் மேடம். மத்தியானம் முடிஞ்சிடும். சர்டிபிகேட் உண்டு."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைக் கேட்டாலே வயிறு எரிகிறது. யார் சொல்லிக்கொடுப்பார்கள்? சர்டிபிகேட் உண்டு. என் வயதில் வேறு யாராவது வருகிறார்களா? சர்டிபிகேட் உண்டு. மாசம் எவ்வளவு? நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம், சர்டிபிகேட் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவளுக்குக் காகிதம் எதற்கய்யா? நடுராத்திரி ஆட்டோவை வேறு பாதையில் திருப்புகிறவனிடம் லேமினேட் செய்து காட்டவா?

நேரில் போனால் வாசலில் ஃப்ளெக்ஸ். மாஸ்டர் கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் நெருப்பு கக்கும் டிராகன். ஓரத்தில் புரூஸ் லீ பறந்து உதைத்துக்கொண்டிருப்பார், பாவம். அவர் கற்றது விங் சுன், உருவாக்கியது ஜீத் குன் டோ. கராத்தே மாஸ்டர்கள் அவரை விடுவதாக இல்லை. கீழே கராத்தே, குங்ஃபூ, சிலம்பம், யோகா, ஸ்கேட்டிங், அபாகஸ் என்று ஒரே மூச்சில் பட்டியல். கராத்தேயில் எந்தப் பாணி, ஷோடோகானா, கோஜு ரியூவா, ஷிட்டோ ரியூவா என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்."

ஒன்று இல்லை. ஷோடோகானில் காலை அகட்டித் தாழ்ந்து நின்று தூரத்திலிருந்து பாய்வார்கள். கோஜு ரியூவில் கிட்டே நின்று செய்வது அதிகம். கியோகுஷின் என்று இன்னொரு பாணி, அதில் முகத்தில் கையால் குத்தக் கூடாது, மற்றபடி நிஜமாகவே அடிப்பார்கள். ஏற்கெனவே முட்டிவலி இருக்கும் ஒருத்தி இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? புடவைக் கடையில்கூட இது பட்டா, பாலியெஸ்டரா என்று கேட்டால் பதில் சொல்கிறார்கள்.

சரி, டெமோ கிளாஸ் பார்ப்போம் என்று ஒரு இடத்தில் நின்றேன். மைதானம் முழுக்கக் குழந்தைகள், நடுவில் நான். பெல்ட் நிறப்படி வரிசை என்பதால் வெள்ளைகளோடு கடைசியில். பக்கத்தில் நின்ற வாண்டு என் இடுப்பு உயரம்கூட இல்லை. "ஆன்ட்டி, கட்டைவிரல உள்ள வெச்சு மடக்காதீங்க, குத்தும்போது உடைஞ்சிடும்" என்று அவன்தான் எனக்கு முஷ்டி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். அன்றைக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அது ஒன்றுதான், அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும். வகுப்பை நடத்தியது பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பிரவுன் பெல்ட். இச், நி, சான், ஷி என்று அவன் எண்ண எண்ண எல்லோரும் காற்றைக் குத்தினோம். மாஸ்டர் ஓரமாக நாற்காலி போட்டு யார் யாருடைய ஜிபே வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் 'லேடீஸ் ஸ்பெஷல்' என்று அவரே எழுந்து வந்தார். அவருடைய மணிக்கட்டை நான் பிடிக்க வேண்டும், அவர் விடுவித்துக் காட்டுவார். பிடித்தேன். திருகினார், வரவில்லை. இன்னொரு தரம் திருகினார். "இப்படி இறுக்கக் கூடாது மேடம், நார்மலா பிடிங்க." நார்மலாகப் பிடித்தேன். கை சட்டென்று வந்துவிட்டது, குழந்தைகள் கைதட்டினார்கள். பஸ்ஸில் கையைப் பிடித்து இழுப்பவனிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? அண்ணா, கொஞ்சம் நார்மலாகப் பிடியுங்கள் என்றா?

அந்த உத்தியில் குறை இல்லை. கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடத்தை நோக்கி, உடம்பையும் சேர்த்துத் திருப்பி இழுத்தால் கை வரும். ஆனால் எதிராளி விடமாட்டேன் என்று நிற்கும்போது பழகினால்தான் வரும். ஜூடோவில் அதற்கென்றே ரன்டோரி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மெய்யாகவே இழுத்துத் தள்ளி, விழுந்து எழுந்து பார்ப்பது. 1882-ல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோவுக்குத் தெரிந்த விஷயம், நம் ஃப்ளெக்ஸ் மாஸ்டருக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் செய்ய மாட்டார். யாருக்காவது மூக்கில் ரத்தம் வந்தால் அந்த மாச ஃபீஸ் போச்சு.

ஃபீஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். மாசம் ஆயிரம்தான் என்பார்கள். டிரஸ் தனி, அதுவும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒரு கிரேடிங், அதற்குத் தனிக் கட்டணம், பெல்ட் ஏற ஏறக் கட்டணமும் ஏறும். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, அப்புறம் பிரவுனிலேயே மூன்று படி. கறுப்புக்கு எவ்வளவு என்று கேட்டால், "அது அப்போ பாத்துக்கலாம் மேடம்." கிரேடிங்கில் யாராவது ஃபெயிலாவது உண்டா என்றேன். "சேச்சே, நம்ம ஸ்டூடண்ட்ஸ் ஒருத்தர்கூட ஃபெயில் ஆனதில்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஒருத்தர்கூடத் தோற்காத பரீட்சைக்கு வசூல் என்று பெயர் வைத்துவிட்டுப் போகலாமே! இந்த வண்ண வண்ண பெல்ட்கள் ஒன்றும் சாமுராய் காலத்துச் சடங்கு இல்லை. 1930களில் ஐரோப்பாவில் ஜூடோ சொல்லிக்கொடுத்தபோது பரவியவை. படிப்படியாக ஏறினால் மாணவனுக்கு உற்சாகம் என்று வைத்தார்கள். இங்கே ஒவ்வொரு படிக்கும் டிக்கெட்.

ஆறாம் வகுப்புக் குழந்தை கறுப்பு பெல்ட்டோடு போஸ் கொடுக்கிறது. டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவான், 15 வயதுக்குக் கீழே டான் என்கிற கறுப்பு பெல்ட் படியைத் தருவதில்லை, 'பூம்' என்று தனித் தகுதிதான். இங்கே எந்தச் சங்கத்தின் சர்டிபிகேட் என்று கேட்டால், எங்களுடையதுதான் ஒரே அங்கீகாரம் பெற்றது என்று எல்லோருமே சொல்கிறார்கள். கராத்தேயில் தேசிய அளவிலேயே குழப்பம். 2020-ல் உலகக் கராத்தே சம்மேளனம் இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. "ஒலிம்பிக்ஸ்க்கு ரெடி பண்றோம் மேடம்" என்று பெற்றோர்களிடம் அளக்கிறார் ஒருவர். டோக்கியோவில் ஒரே ஒரு தரம் இருந்தது, பாரிஸில் எடுத்துவிட்டார்கள், 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இல்லை. எந்த ஒலிம்பிக்ஸ் சார்?

சிலம்பத்திலாவது இந்தக் கூத்து இருக்காது என்று நினைத்தேன். சிலம்பம் என்றால் எனக்கு உயிர். பழைய ஆசான்கள் கம்பைத் தொடவே விட மாட்டார்கள், முதலில் காலடிதான். இப்போது? அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது நல்ல காரியம். அதன் பின்னாலேயே கடையும் வந்துவிட்டது. சேர்ந்த கையோடு ஒரு 'உலக சாதனை'. குழந்தையின் கண்ணைக் கட்டி, பானை மேல் ஏற்றி, வெயிலில் மணிக்கணக்காகக் கம்பு சுற்ற விடுகிறார்கள். யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத சாதனைப் புத்தகம் ஒன்று மெடலும் காகிதமும் தருகிறது, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு. சுற்றுவது சிலம்பத்தில் ஒரு பகுதிதான். எதிரில் ஒருவர் கம்போடு நின்று உங்களைத் தொடப் பார்க்கும்போது காலும் கண்ணும் என்ன செய்கின்றன என்பதுதான் விஷயமே. நான் பார்த்த வகுப்பில் எல்லோரும் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "ஆளோட ஆள் ஆடுறது எப்போ சார்?" என்றால், "போட்டி வரும்போது."

மாஸ்டர் பெயருக்கு முன்னால் டாக்டர் வேறு. 2023-ல் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்திலேயே போலி டாக்டர் பட்ட விழா நடந்து போலீஸ் வரைக்கும் போன ஊர் இது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஓ.எம்.ஆர். பக்கத்து எம்.எம்.ஏ., அதாவது எல்லாச் சண்டைக் கலைகளையும் கலந்து சொல்லிக்கொடுக்கும் ஜிம்களையும் விட்டுவைக்கவில்லை. கோச்சுகளைக் குறை சொல்ல மாட்டேன், பேட் பிடித்து நிஜமாக அடிக்க விட்டார்கள். அந்த சேல்ஸ் பெண்தான் தாங்கவில்லை. இன்றைக்கே வருஷத்துக்கும் கட்டினால் 38,000, நாளைக்கு வந்தால் 52,000. ஒரு மாசம் கட்டிப் பார்க்கிறேன் என்றால் அப்படி ஒரு பிளானே இல்லையாம். நடுவில் கோச் வேறு ஜிம்முக்குப் போய்விட்டால்? "வேற கோச் வருவாங்க மேம்." பணம்? திரும்பாது. வீட்டுக்கு வந்த பிறகும் போன் விட்டபாடில்லை. ஆடி மாசம் வந்ததும் ஆடி ஆஃபர்!

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு போன்தான் மனுஷத்தனமாக இருந்தது. வடசென்னையில் ஒரு பாக்சிங் மாஸ்டர். வயசானவர் என்று குரலிலேயே தெரிந்தது. "ஒனக்காம்மா? சரி வா. மொத மூணு மாசம் ஸ்கிப்பிங், காலு, ஜாப் குத்து, இதான். போரடிக்கும். அப்புறம் ரிங்குல எறக்குவேன், மூக்குல அடி விழும். ஊட்ல சொல்லிட்டு வா." எவ்வளவு சார் என்றேன். "மொதல்ல வந்து ஒரு வாரம் நின்னு பாரும்மா, காசு எங்க போவுது." நான் கேட்க நினைத்த அத்தனைக்கும் ஒரே நிமிடத்தில் பதில், கேட்காமலே. சர்டிபிகேட் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

ஆனால் காலை ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். மடிப்பாக்கத்தில் இருக்கிற நான், ஏழரைக்குப் பள்ளிக்கூட வேனில் பிள்ளையை ஏற்றிவிட வேண்டியவள், எப்படிப் போவது? ஊரின் இந்தக் கோடியில் அப்படி ஒரு ஆள் கிடையாதா? வேளச்சேரி, நங்கநல்லூர், ஆதம்பாக்கம் பக்கம், பெரியவர்களுக்குத் தனி பேட்ச் வைத்து, மாசம் இவ்வளவு என்று போனிலேயே சொல்கிற மாஸ்டர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கராத்தேயோ ஜூடோவோ பாக்சிங்கோ, எதுவானாலும் சரி. முட்டிக்காக ஸ்கிப்பிங்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள விட்டால் நல்லது. விடாவிட்டாலும் வருகிறேன்.