காசாசையிலயா போறாங்க?

நேத்து ஒரு நண்பர் இலங்கைல தேயிலைத் தோட்டத்து ஆளுங்களான எங்களப் பத்தி போட்டிருந்தாரு, "மலையகத்துப் புள்ளைங்களுக்கு இங்க ஒடம்பு வளையாது, டுபாய் குவைத்துன்னா ஓடுதுங்க, எல்லாம் காசாசை"ன்னு. கமெண்ட்ல பதில் எழுதப் போய் நீண்டுபோச்சு, அதான் இங்கயே போடுறேன்.

தோட்டத்துல கொழுந்து பறிச்ச எங்க அக்கா 2022 கடைசியிலதான் குவைத்துக்குப் போனிச்சி. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் ரசாயன உர இறக்குமதிய திடீர்னு தடை பண்ணாங்க, மலையில நிக்கிற ஒருத்தரையும் கேக்கல. நவம்பர்ல தடைய எடுத்துட்டாங்கதான், ஆனா தேயிலைச் செடிக்கு அரசாங்க கெசட் வாசிக்கத் தெரியாதே. உரம் இல்லாம கொழுந்து கொறஞ்சிச்சி, கிலோ நிக்கல, அதாவது ஒரு நாளைக்குப் பறிக்கணும்னு வச்ச எடை வரல, கிலோ நிக்காட்டி அரைப்பேரு, பாதி நாள் சம்பளந்தான். அதே 2021லதான் நாள் சம்பளம் 1000 ரூபான்னு கெசட்ல போட்டாங்க, அந்த ஆயிரம் அக்கா கைக்கு முழுசா எத்தன நாள் வந்திச்சின்னு தோட்டத்து சம்பளப் பதிவான செக்ரோலத்தான் கேக்கணும். கோதுமை மா விலை ஏற ஏற வீட்ல மூணு ரொட்டி ரெண்டாச்சு.

2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன கட்ட முடியாதுன்னு அரசாங்கம் கைய விரிச்சிச்சி. ஜூன்ல அரசாங்க உத்தியோகத்தருக்கு வெளிநாடு போக 5 வருஷம் சம்பளமில்லாத லீவு, பொம்பளைங்க வீட்டு வேலைக்குப் போற வயச 21க்கு கொறச்சாங்க. போங்க போங்கன்னு கதவத் தெறந்துவிட்டதே அவங்கதான். ஜூலைல அப்போ ஜனாதிபதியா இருந்த கோட்டாபயவே விமானப்படை பிளேன்ல மாலைதீவு, அங்கயிருந்து சிங்கப்பூர். அவருக்கு ஆள் புடிச்சி வெளிநாட்டுக்கு அனுப்புற சப் ஏஜென்ட் தேவப்படல.

அக்கா இங்க முயற்சி பண்ணாமலும் இல்ல. ஸ்கூல் கடைசிப் பரீட்சையான ஏஎல் முடிச்ச புள்ள. 2019ல ஒரு வேலைக்கு இன்டர்வியூ லெட்டர் வந்திச்சி. நாங்க இருக்கிற வரிசை வீட்டு லயத்துக்கு தனி அட்ரஸ் ஏது, தபால் பூரா தோட்டத்து ஆபீசுக்குத்தான். கைக்கு கெடச்சப்போ இன்டர்வியூ முடிஞ்சி நாலு நாள், கவர் மேல யாரோ பென்சில்ல கொழுந்து நிறுவைக் கணக்கு கூட்டிப் பாத்திருந்தாங்க. அந்தக் கவர அம்மா இன்னும் வச்சிருக்காங்க, ஏன்னு தெரியல.

எங்களுக்கு இது புதுசும் இல்லங்க. 1948ல பிரஜாவுரிமைய பறிச்சாங்க, 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒக்காந்து எங்காளுங்கள்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்கன்னு பிரிச்சி, மிச்சம் ஒன்றரை லட்சம் பேர பொறவு பாப்போம்னு விட்டாங்க. தாத்தாவோட தங்கச்சி தலைமன்னார்ல கப்பலேறி கடைசியில நீலகிரியில மறுபடி தேயிலைக்கே போய் சேந்தாங்க. அதும் காசாசையா?

சப் ஏஜென்ட்மார நல்லவங்கன்னு சொல்ல வரல, அனுப்புற காச சாராயத் தவறணையில கரைக்கிற புருஷன்மாரும் இருக்காங்க. 2024ல நாள் சம்பளத்த 1350 ஆக்கினாங்க, அதையும் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு என்ன கெசட் வருமோன்னு பயந்துகிட்டே எத்தன வருஷம் ஒருத்தர் குடும்பம் நடத்துறது?

போன கெழம வாட்சப்ல அக்கா கேட்டிச்சி, கான்ட்ராக்ட் முடியப்போவுது, நீட்டவா வேணாமா, வந்தா கிலோ நிக்குமாடான்னு. நான் முழிச்சிகிட்டிருந்தேன், அம்மா போன வாங்கி மழையப் பத்தி பேச ஆரம்பிச்சிட்டாங்க.