ஜான்சனுக்கு 36 சதவீதம் வந்தபோது

“அதிபரின் செல்வாக்கு சரிந்துவிட்டது, இனி போர் நீடிக்காது.” எந்த நாட்டுப் போராக இருந்தாலும், ஒரு கருத்துக்கணிப்பு வெளிவந்த மறுநாள் இந்த வரியும் கூடவே வந்துவிடுகிறது. முதல் பாதி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாம் பாதிக்கு வரலாற்றில் ஆதாரம் தேடினால் கையில் ஒன்றும் தட்டுப்படாது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனையும் வியட்நாமையும் பார்ப்பதுதான் நல்லது. காரணம், ஒரே கேள்வியை வருடக்கணக்கில் கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் கேட்டு அளந்த போர் அது.

முதலில் கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். போர்க்காலத்தில் கேலப் போன்ற கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் மூன்று வேறு கேள்விகளைக் கேட்கின்றன. அதிபர் தன் வேலையைச் செய்யும் விதம் பிடித்திருக்கிறதா என்பது ஒன்று. போரை அவர் கையாளும் விதம் பிடித்திருக்கிறதா என்பது இன்னொன்று. படை அனுப்பியதே தவறா என்பது மூன்றாவது. 1968 மார்ச்சில் இந்த மூன்றுக்கும் வந்த விடைகளைப் பாருங்கள். ஜான்சனின் பொதுவான ஆதரவு 36 சதவீதம். போரைக் கையாளும் விதத்துக்கு ஆதரவு 26. படை அனுப்பியது தவறு என்றவர்கள் 49. ஒரே மாதம், ஒரே மக்கள், மூன்று எண்கள். நம் ஊடகங்கள் இதில் எது கண்ணில் படுகிறதோ அதை எடுத்து “போருக்கு எதிர்ப்பு” என்று தலைப்புப் போட்டுவிடும்.

நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை: அடுத்து என்ன செய்ய வேண்டும்? தவறு என்று சொன்னவர்கள் பாதியை எட்டிய அந்த நாட்களில்கூட, உடனே மொத்தமாக வெளியேறு என்றவர்கள் சிறுபான்மைதான். வீடு கட்டத் தொடங்கியது தப்பு என்பவனெல்லாம் பாதிச் சுவரை இடிக்கச் சொல்வதில்லை. எப்படியாவது முடித்துத் தொலை என்பவர்களும் அதில் நிறைய இருப்பார்கள்.

எண்ணைப் படிக்கும்போது சின்னக் கணக்கு ஒன்றும் தேவை. 1,500 பேரிடம் கேட்டால், 1,500-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 39. ஒன்றை 39-ஆல் வகுத்தால் 2.6 சதவீதம். ஒரு கணிப்பின் பிழை வரம்பு சுமாராக இவ்வளவு. ஆனால் போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடும்போது இரண்டு கணிப்புகளின் பிழையும் சேர்ந்துகொள்ளும். 1.4-ஆல் பெருக்குங்கள், 3.6 வரும். ஆகவே 44 என்பது 42 ஆனதற்கு “சரிவு” என்று பதிவு போடுவது வீண் வேலை. அதே கணிப்புக்குள் இருக்கும் ஒரு கட்சிக்காரர்களை, 400 பேர் என்று வையுங்கள், தனியாகப் பிரித்தால் வரம்பு 5-க்குப் போய்விடும். மூன்று நான்கு கணிப்புகள் தொடர்ந்து ஒரே பக்கம் போனால்தான் அதைச் சரிவு என்று சொல்லலாம்.

ஜான்சனின் சரிவு அப்படிப்பட்டது. 1964 தொடக்கத்தில் அவருக்கு இருந்த ஆதரவு 80 சதவீதத்தைத் தொடப் பார்த்தது. அந்த ஆகஸ்டில், வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் கீழவையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2 என்று நிறைவேறியது. 1965 மார்ச் 8 அன்று அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தென் வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். அந்த ஆகஸ்டில் “படை அனுப்பியது தவறு” என்றவர்கள் வெறும் 24 சதவீதம். 1967 அக்டோபரில் அது 47 ஆகி, “தவறில்லை” என்ற 44-ஐ முதன்முறையாக முந்தியது.

இந்த இரண்டு வருடத்தில் என்ன நடந்தது? தொலைக்காட்சியில் ரத்தத்தைப் பார்த்து மக்கள் மனம் மாறினார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீட்டுக்குள் வந்த கணக்கைப் பாருங்கள். கட்டாய ராணுவச் சேர்ப்பில் எடுக்கப்பட்டவர்கள் 1964-இல் 1,12,386 பேர், 1966-இல் 3,82,010 பேர். உயிரிழந்த அமெரிக்கர்கள் 1965-இல் 1,928, 1966-இல் 6,350, 1967-இல் 11,363. விலைவாசி உயர்வு 1965-இல் 1.6 சதவீதம், 1968-இல் 4.2. வரி போடாமலேயே போரையும் உள்நாட்டு நலத்திட்டங்களையும் சேர்த்து ஓட்டிவிடலாம் என்று ஜான்சன் இழுத்துப் பார்த்தார். கடைசியில் 1967-இல் வருமான வரி மீது 10 சதவீதக் கூடுதல் வரி கேட்க வேண்டி வந்தது. அது சட்டமானது 1968 ஜூனில். கலவரங்களையும் மறக்கக் கூடாது. 1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. 36 சதவீதத்துக்குள் இவ்வளவும் கலந்திருக்கிறது. அதில் வியட்நாமின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் மூன்று கேள்விகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கொரியாவையும் வியட்நாமையும் ஒப்பிட்ட அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1970களின் தொடக்கத்தில் ஒரு விதியைச் சொன்னார். இறந்தவர்கள், காயமடைந்தவர்கள் மொத்தம் பத்து மடங்காகும்போதெல்லாம் போருக்கான ஆதரவு 15 புள்ளி இறங்கும். 100 என்பது 1,000 ஆகும்போதும் 15, 10,000 என்பது 1,00,000 ஆகும்போதும் அதே 15. இதன் விபரீதம் என்னவென்றால், முதல் சில நூறு சவப்பெட்டிகள் ஆட்டிவைத்த அளவுக்குப் பின்னால் வரும் ஆயிரங்கள் ஆட்டாது. எளிதில் விலகக்கூடியவர்கள் முதலிலேயே விலகிவிடுவார்கள். மிஞ்சி நிற்பது கெட்டியான கூட்டம். அவர்களை அசைக்கப் பெரும் இழப்பு வேண்டும். போரின் கடைசி வருடங்களில் ஆதரவு கோடு ஏன் படுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் இதை மறுத்தார்கள். இழப்பு எவ்வளவு என்பதைவிட ஜெயிப்போம் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்பதுதான் முக்கியம் என்றார்கள். வெற்றி தெரிந்தால் மக்கள் இழப்பைத் தாங்குவார்களாம். அந்தத் தரப்பு ஆய்வாளர் பீட்டர் ஃபீவர், இராக் போர்க்காலத்தில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் தேசியப் பாதுகாப்புக் குழுவிலேயே வேலை பார்த்தார். 2005 நவம்பர் 30 அன்று அனாபொலிஸில் புஷ் பேசிய பேச்சில் “வெற்றி” என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததற்குப் பின்னால் இந்தக் கோட்பாடு இருந்தது. ஆறு மாதம் கழித்து 2006 மே மாதத்தில் புஷ்ஷின் ஆதரவு 31 சதவீதம். கோட்பாடு தப்பில்லை என்றே நினைக்கிறேன். களத்தில் இல்லாத வெற்றியை மேடையில் உண்டாக்க முடியாது, அவ்வளவுதான்.

ஜான்சனும் இதையே அவருக்கு முன்பே செய்து பார்த்தார். 1967 அக்டோபரில் ஆதரவு 38-க்கு விழுந்ததும் வியட்நாமில் அமெரிக்கப் படைகளை நடத்திய தளபதி வெஸ்ட்மோர்லாண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். நவம்பர் 21 அன்று தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்ற தொனியில் அவர் பேசினார். பலன் கிடைத்தது. 1968 ஜனவரியில் ஜான்சனின் ஆதரவு 48. பத்துப் புள்ளி ஏற்றம். கடன் வாங்கிய பத்துப் புள்ளி என்று சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த மாதக் கடைசியிலேயே, டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு நேரத்தில், வட வியட்நாம் தரப்பு தென் வியட்நாம் முழுக்கத் தாக்கியது. அதுதான் டெட் தாக்குதல். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி வந்துவிட்டான். பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 543 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ராணுவக் கணக்கில் வட வியட்நாம் தரப்புக்குத்தான் பேரிழப்பு. ஆனால் இரண்டு மாதம் முன்னால் முடியப் போகிறது என்று சொல்லாமல் இருந்திருந்தால், இதே தாக்குதல் இவ்வளவு பெரிய ஓட்டை போட்டிருக்காது.

இங்கேதான் எல்லாரும் தவறவிடும் ஓர் எண் இருக்கிறது. டெட் நடந்த உடனே மக்கள் சமாதானத்தின் பக்கம் ஓடவில்லை. தங்களைப் போர்ப் பருந்துகள், அதாவது இன்னும் கடுமையாக அடிக்க வேண்டும் என்பவர்கள், என்று சொல்லிக்கொண்டவர்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் 61 சதவீதம். போரைத் தணிக்கச் சொன்ன புறாக்கள் 23. அடித்துவிட்டான், திருப்பி அடி என்ற மனநிலை. மார்ச் கடைசியில்தான் அது 41-க்கு 42 என்று சமமானது. அந்த இடைப்பட்ட ஏழெட்டு வாரத்தில் ஜான்சன் திருப்பி அடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. மார்ச் 10 அன்று, இன்னும் 2,06,000 வீரர்கள் வேண்டும் என்று தளபதிகள் கேட்டிருக்கும் செய்தியை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஜெயித்துக்கொண்டிருப்பவன் எதற்கு இன்னும் இரண்டு லட்சம் பேரைக் கேட்கிறான் என்ற கேள்விக்கு வெள்ளை மாளிகையிடம் பதில் இல்லை.

செய்தி வாசிப்பாளர் வால்டர் கிராங்கைட்டின் பிப்ரவரி 27 நிகழ்ச்சியைப் பார்த்து, கிராங்கைட்டை இழந்தால் நாட்டையே இழந்த மாதிரி என்று ஜான்சன் சொன்னதாக ஒரு கதை சுற்றுகிறது. அன்று இரவு அவர் டெக்ஸாஸில் ஆஸ்டின் நகரில், ஆளுநர் கோனலியின் பிறந்தநாள் விருந்தில் இருந்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது டிவி முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. தவிர, “தவறு” என்பவர்கள் முந்தியது அந்த நிகழ்ச்சிக்கு நான்கு மாதம் முன்பே. கிராங்கைட் மக்களுக்குப் பின்னால் வந்தவர்.

மார்ச் 12, ஜான்சனின் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முன்தேர்தல். போர் எதிர்ப்பாளரான செனட்டர் யூஜின் மெக்கார்த்திக்கு 42 சதவீதம் அளவுக்கு ஓட்டு. வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத ஜான்சனுக்கு, பெயரை எழுதிப் போட்டவர்களால் 49 சொச்சம். கணக்கில் ஜான்சன் ஜெயித்தார். ஆனால் அது தோல்வியாகவே படிக்கப்பட்டது. சமாதானத்துக்கு விழுந்த ஓட்டு என்றார்கள். பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசியபோது, மெக்கார்த்திக்குப் போட்டவர்களில் ஜான்சன் இன்னும் கடுமையாகப் போரிடவில்லை என்ற கோபக்காரர்கள், புறாக்களைவிட அதிகம் என்று தெரிந்தது. ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு. ஆதரவு சரிகிறது என்றால் இரண்டு பக்கமும் ஒழுகுகிறது என்று பொருள். ஒரு பக்க ஒழுக்கை மட்டும் பார்த்துக் கைதட்டினால் பிறகு ஏமாற வேண்டியதுதான்.

இன்னொரு பொதுப் பிம்பத்தையும் இதே கணிப்புகள் உடைக்கின்றன. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களைவிட ஐம்பதைத் தொட்டவர்கள்தான் போரைத் தவறு என்று அதிகம் சொன்னார்கள். கல்லூரி வளாகம் வேறு, இளைஞர் கூட்டம் வேறு. போரை வெறுத்தவர்கள் போராட்டக்காரர்களையும் வெறுத்தார்கள். 1968 தேசியத் தேர்தல் ஆய்வில் வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டக்காரர்களுக்கு 0 முதல் 100-க்குள் மதிப்பெண் கேட்டபோது, மூன்றில் ஒருவர் சுழியம் போட்டார்.

மார்ச் 31 இரவு ஜான்சன் தொலைக்காட்சியில் வந்து, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாகவும், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். அடுத்த கணிப்பில் ஆதரவு 36-லிருந்து 49. போகிறேன் என்றதும் பிடித்துப்போனார். அதிபர் போனார். போர் போகவில்லை. 1968 முழுவதும் இறந்தவர்கள் 16,899, அந்தப் போரின் மிக மோசமான வருடம். 1969 முதல் 1973 வரை இன்னும் 21,000-க்கு மேல் அமெரிக்கர்கள். வியட்நாமியர்களின் எண்ணிக்கை எந்த அமெரிக்கக் கணிப்பின் கேள்வியிலும் வராது. அது இந்த முறையின் பெரிய குறை, இங்கே சொல்லியாக வேண்டும்.

அடுத்து வந்த அதிபர் நிக்சன் கதை இன்னும் விசித்திரம். 1969 நவம்பர் 3-இல் போராட்டத்தில் இறங்காத ‘மௌனப் பெரும்பான்மையினரை’ நோக்கி அவர் பேசியதும் ஆதரவு 56-லிருந்து 67-க்கு ஏறியது. 1971 வாக்கில் போர் தவறு என்றவர்கள் 60 சதவீதம். 1972 நவம்பரில் அதே நிக்சன் 49 மாநிலங்களை அள்ளினார், 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டு. போர் பிடிக்கவில்லை, போர் நடத்துபவரைப் பிடித்திருக்கிறது. எப்படி? தரைப்படையைக் குறைத்தார், கட்டாயச் சேர்ப்பு சுருங்கியது, பையன் வீட்டில் இருந்தான். குண்டு மட்டும் வானத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. செலவு வீட்டுக்குள் வராதபடி பார்த்துக்கொண்டால், பிடிக்காத போரையும் நீண்ட நாள் ஓட்டலாம் என்று அவர் கண்டுகொண்டார். ட்ரோன் காலத்து ஆட்சியாளர்கள் இதை மறந்ததாகத் தெரியவில்லை.

கொரியாவும் இதே மாதிரிதான். “தவறு” என்றவர்கள் 1950 ஆகஸ்டில் 20 சதவீதம், சீனா உள்ளே வந்த பிறகு 1951 ஜனவரியில் 49. ஐந்தே மாதத்தில் பெரும்பகுதி சரிவு முடிந்தது. அப்போதைய அதிபர் ட்ரூமனின் ஆதரவு 1952 பிப்ரவரியில் 22-க்கு வந்தது, மார்ச்சில் போட்டியிலிருந்து விலகினார். போர்நிறுத்தம் கையெழுத்தானது 1953 ஜூலை 27. 22 சதவீதத்தில் நின்றுகொண்டும் ஒரு போரை நடத்தலாம்.

அப்படியானால் எது நிறுத்தியது? பணம். அமெரிக்க நாடாளுமன்றம் டோங்கின் தீர்மானத்தை 1971 ஜனவரியில் ரத்து செய்தது. நிக்சன் அசரவில்லை. 1973 ஜனவரியில் வியட்நாமில் போர்நிறுத்தத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் வந்தது, ஆனால் பக்கத்து நாடான கம்போடியா மீது குண்டுவீச்சு தொடர்ந்தது. பிறகு இந்தோசீனாவில் போருக்கு ஒரு காசு செலவிடக் கூடாது என்று தேதி குறித்துச் சட்டம் போட்டார்கள். 1973 ஆகஸ்ட் 15. அந்தத் தேதியில் கம்போடியா மீதான குண்டுவீச்சு நின்றது. “தவறு” என்றவர்கள் முந்திய 1967 அக்டோபரிலிருந்து எண்ணினால், ஐந்து வருடம் பத்து மாதம் கழித்து.