கிரியேட்டின் ஸ்டீராய்டா?

“றக்பி ஆடும் பெடியள் குடிக்கும் கிரியேட்டின் ஒரு ஸ்டீராய்டு, பிடிபட்டால் தடை” என்று யாழ்ப்பாணத்தில் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு. கிரியேட்டின் தசைகளுக்குச் சக்தி கிடைக்க உதவும் ஒரு பொருள்; தசையை வளர்க்கும் ஹோர்மோன் மருந்தான ஸ்டீராய்டு இல்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தின் தடைப்பட்டியலிலும் இல்லை. நம் உடலே அதைத் தயாரிக்கிறது, பாசையூர்ச் சந்தையில் வாங்கும் மீனிலும் இருக்கிறது.

சரி, அப்போ கடையில் விற்கும் கிரியேட்டின் தூள் டின்னைப் பெடியளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? அங்கேதான் சிக்கல். சில டின்களில் லேபிளில் எழுதாத ஸ்டீராய்டோ ஊக்கிகளோ கலந்திருக்கும். சோதனையில் அது தெரிந்தால், “எனக்குத் தெரியாது” என்பதால் மட்டும் வீரர் தப்ப முடியாது. உடலுக்குள் போனதற்கு அவரே பொறுப்பு. 18 வயதுக்குக் கீழானோருக்குக் கிரியேட்டின் வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. புரதம்தான் தேவையென்றால் ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம் உண்டு, விலையும் மலிவு.